காது மெசின் வாங்கும் முன் கேட்க வேண்டியவை

(தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகளுக்கான சங்கக் கல்வி வகுப்பில், ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் சம்பளத்தைப் பற்றிப் பேசினோம். இப்போது என்னைக் காதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தேநீர் குடிக்கும்போது ஒரு தம்பி, "காதுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கொழுந்து மடுவத்தை நினைத்துப் பாருங்கள். மழை தகரத்தில் அடிக்கிறது. கணக்கப்பிள்ளை கிலோவைச் சொல்கிறார். காது மந்தமான ஓர் அக்கா தலையை ஆட்டிவிட்டு நகர்கிறார். கழிவு போக இரண்டு கிலோ குறைத்து எழுதியிருந்தாலும், பின்னால் நின்றவர் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். கேட்காத கணக்குக்கு யாரும் வாதாட முடியாது. பெரட்டில் எந்த மலைக்குப் போகச் சொன்னார்கள் என்று விளங்காமல் பிந்திப் போனால் அரைப் பேர். கூட்டத்துக்கு வந்தாலும் என்ன தீர்மானம் எடுத்தோம் என்று தெரியாது. ஆகவே காது என்பது சம்பளப் பிரச்சினைதான், தம்பி.

இன்றைக்கு நான் பேசப்போவது, திரும்பத் திரும்ப சார்ஜ் செய்து பாவிக்கும் காது மெசின்களையும், அவற்றோடு விற்கிற துணைச் சாமான்களையும் எப்படி எடைபோட்டு வாங்குவது என்பதைப் பற்றி. ஊழியர் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்தவர்களைத் தேடி இப்போது இந்த வியாபாரம் மலைக்கு வருகிறது. விலை சில பத்தாயிரம் ரூபாயிலிருந்து பல லட்சம் ரூபா வரை போகிறது. ஒருதரம் பிழைத்தால் இன்னொருதரம் வாங்க நம்மிடம் பணம் இருக்காது.

நான் பட்ட பாடு

நான் ஸ்டோரில் ரோலர் பக்கம் வேலை செய்தவன். 26 வருடம். ரோலர் சத்தமும் டிரையர் காற்றாடிச் சத்தமும் எனக்குப் பழகிப்போயின. பழகிப்போனது என்று நான் நினைத்தது, காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. சத்தத்தால் கெடும் காதில் முதலில் உச்சமான, மெல்லிய ஒலிகள் போகும். அதனால் ஆள் பேசுவது கேட்கும், சொல் விளங்காது. வீட்டில் நான், "முணுமுணுக்காமல் பேசு" என்று கத்துவேன். முணுமுணுத்தது அவர்கள் இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு, டவுனில் இலவசமாகக் காது பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பத்து நிமிடம் பார்த்தார்கள். புதுசு, சின்னது, பெட்டரி மாற்றத் தேவையில்லை, போனோடு இணையும் என்று ஒரு சோடியைக் காட்டினார்கள். அன்றே பணம் கட்டினால் விலை குறைவு என்றார்கள். கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் பாத்திரச் சத்தம் மண்டையைப் பிளந்தது, பேச்சு முன்போலத்தான் இருந்தது. விற்றவர்கள் அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தச் சோடி அலுமாரிக்குள் கிடந்தது. என் பிழை மெசின் வாங்கியது அல்ல, கேள்வி கேட்காமல் வாங்கியது. பிறகு முறையாகப் போய், முறையாகப் பரிசோதித்து இன்னொன்று எடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டுதான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

முதலில் டொக்டர், பிறகுதான் கடை

காது கேட்கவில்லை என்றதும் மெசின் தேடக்கூடாது. காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். அதை எடுத்தாலே சிலருக்குச் சரியாகிவிடும். சீழ் வடிந்தால் அதற்கு வைத்தியம் வேண்டும். சீழ் வடிகிற காதை மெசினால் அடைத்தால் நோய் கூடும். ஒரு பக்கக் காது மட்டும் குறைந்துகொண்டே போனாலோ, தலைச்சுற்று இருந்தாலோ, கட்டாயம் டொக்டரிடம் காட்டவேண்டும். ஒரே நாளில், இரண்டு மூன்று நாளில் காது திடீரெனப் போனால் அது அவசரம். சம்பள நாள் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அரசாங்கப் பெரிய வைத்தியசாலைகளில் காது, மூக்கு, தொண்டை கிளினிக் உண்டு. அங்கே காதுப் பரிசோதனை செய்து ஒரு வரைபடம் தருவார்கள். அதற்கு ஓடியோகிராம் என்று பெயர். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் புள்ளடி. கோடு கீழே இறங்க இறங்கக் குறைபாடு கூடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20 டெசிபலுக்குள் இருந்தால் நல்ல காது. 35 தாண்டினால் நடுத்தரக் குறைபாடு, 65 தாண்டினால் கடுமையானது. அந்தத் தாளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் காதின் செக்ரோல்.

மூக்குக்கண்ணாடிக்கு டொக்டர் இலக்கம் எழுதிக் கொடுக்கிறார் அல்லவா? அதேபோல இந்தத் தாளைப் பார்த்து, எந்த ஒலியை எவ்வளவு கூட்டவேண்டும் என்று கணினியில் அமைத்துத் தருவதுதான் முறையான காது மெசின். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரிக் கூட்டிக் கொடுக்கும் மலிவுச் சாமான்களும் பார்வைக்கு அப்படியே இருக்கும். "என் தாளைப் பார்த்து எனக்கு முன்னால் அமைத்துத் தருவீர்களா?" என்ற ஒரு கேள்வியிலேயே இரண்டையும் பிரித்துவிடலாம். காதுக்குள் மெல்லிய குழாயொன்றை வைத்து, மெசின் தரும் ஒலி சரியான அளவுக்கு வருகிறதா என்று அளக்கும் பரிசோதனையும் இருக்கிறது. அந்த வசதி உள்ள இடம் கிடைத்தால் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

சார்ஜ் செய்வதா, பெட்டரி மாற்றுவதா?

இதில்தான் மிகக் கூடுதலாக ஏமாறுகிறோம். சார்ஜ் செய்யும் மெசினுக்குள் லித்தியம் பெட்டரி இருக்கும். பொதுவாக மூன்று, நான்கு மணித்தியாலம் சார்ஜ் செய்தால் ஒரு பகல் முழுக்கப் பாவிக்கலாம். போன் பேச்சையும் தொலைக்காட்சிச் சத்தத்தையும் நேரே மெசினுக்குள் எடுத்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். நல்ல பக்கம் என்னவென்றால், சின்னப் பெட்டரியைத் தோண்டி எடுத்து மாட்டும் வேலை இல்லை. கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரலுக்கு, கண் மங்கிய வயதுக்கு, அது பெரிய உதவி.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், மறந்துவிட்டீர்களா? காற்று மழைக்கு மரம் விழுந்தால் நம் லயத்துக்குத்தான் கடைசியாகக் கரண்ட் வரும். ஆகவே சார்ஜ் மெசின் வாங்குகிறவர் சார்ஜரைப் பற்றி மூன்று கேள்வி கேட்கவேண்டும். அதற்குள்ளேயே பெட்டரி இருக்கிறதா? அப்படிப்பட்ட பெட்டியை ஒருதரம் நிரப்பினால் கரண்ட் இல்லாமலே மெசினைச் சில தரம் சார்ஜ் செய்யலாம். இல்லையென்றால், போனுக்குப் பாவிக்கும் பவர் பேங்கில் மாட்ட முடியுமா? சார்ஜர் உடைந்தால் தனியாக வாங்கலாமா, என்ன விலை?

அடுத்தது, அந்த லித்தியம் பெட்டரிக்கும் ஆயுள் உண்டு. நான்கு, ஐந்து வருடத்தில் பலம் குறையும். பல மெசின்களில் அதை நாமாகத் திறந்து மாற்ற முடியாது. கம்பனிக்கு அனுப்பவேண்டும். எத்தனை கிழமை ஆகும், எவ்வளவு காசு, அதுவரை மாற்று மெசின் தருவார்களா என்பதை வாங்கும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

மாற்றும் பெட்டரியில் ஓடும் மெசின்களை "பழைய காலத்து" என்று சொல்லி ஒதுக்குவார்கள். நம்பவேண்டாம். பழுப்பு நிற அடையாளமுள்ள 312 இலக்கப் பெட்டரி ஒரு கிழமை அளவிலும், செம்மஞ்சள் அடையாளமுள்ள 13 இலக்கப் பெட்டரி அதைவிடக் கூடுதலாகவும் ஓடும். கரண்ட் தேவையில்லை. அந்தப் பெட்டரி காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். ஒட்டியிருக்கும் தாளை உரித்து ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் போடவேண்டும். உரித்த பிறகு மூடி வைத்தாலும் தீர்ந்துகொண்டே போகும். ஆனால் மாதா மாதம் செலவு, டவுனில் தட்டுப்பாடு, இரண்டையும் கணக்குப் போடுங்கள். முக்கியமாக, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பழைய பெட்டரியைத் தரையில் போடாதீர்கள். பிள்ளை விழுங்கினால் உயிராபத்து. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும்.

ஆகவே எது நல்லது? கரண்ட் ஒழுங்காக வருகிற, கை நடுங்குகிற பெரியவருக்குச் சார்ஜ் மெசின். கரண்ட் அடிக்கடி போகும் மேட்டு லயத்தில், விரல் நன்றாக ஓடுகிறவருக்கு மாற்றுப் பெட்டரி. உங்கள் வீட்டைப் பார்த்துத் தீர்மானியுங்கள், விளம்பரத்தைப் பார்த்து அல்ல.

பனி, மழை, கூடைக் கயிறு

நம் மலையில் காது மெசினுக்கு முதல் எதிரி ஈரம். பனி, மழை, வியர்வை. பெட்டியில் ஐபி 68 என்று போட்டிருந்தால் தூசிக்கும் நீருக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்று அர்த்தம். அதற்காகப் போட்டுக்கொண்டு குளிக்கலாம் என்று அர்த்தமல்ல. ஒவ்வொரு நாளும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி போட்ட டப்பாவில் வைத்து மூடவேண்டும். மணி நிறம் மாறினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அடுப்பு மேல் பரணில் காய வைக்காதீர்கள். லித்தியம் பெட்டரிக்குச் சூடு ஆகாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இரவில் சார்ஜரில் வைப்பதா, டப்பாவில் வைப்பதா? சில சார்ஜர்களிலேயே ஈரம் உறிஞ்சும் வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் சாயங்காலம் சார்ஜ் செய்து, படுக்கும்போது டப்பாவில் வையுங்கள். பல மெசின்கள் சார்ஜரிலிருந்து எடுத்ததும் தானாக ஓன் ஆகிவிடும். கையால் ஓப் செய்துவிட்டு வையுங்கள். இல்லையென்றால் விடியும்போது சார்ஜ் குறைந்திருக்கும்.

கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கு இன்னொன்று சொல்லவேண்டும். மெசினைக் கடையில் கதிரையில் இருந்து போட்டுப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். தலைத்துண்டைக் கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிப் பாருங்கள். காதுக்குப் பின்னால் இருக்கும் மெசினில் கயிறு உரசினால் கரகரவென்று இரையும். துண்டு இறுகினால் விசில் அடிக்கும். கயிறு படாத இடத்தில் உட்காரும்படி வேறு வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். தலைத்துண்டையும் கயிற்றையும் பையில் எடுத்துக்கொண்டு போகவே வெட்கப்படாதீர்கள். மெசின் போடப்போவது அந்தத் தலையில்தான்.

குறைபாடு கடுமையாக இருந்தால் காதுக்கு அச்செடுத்துச் செய்த அச்சுத்துண்டு வேண்டும். லேசானதற்கு மெல்லிய கம்பியும் ரப்பர் குடையும் போதும். ரப்பர் குடையும், அழுக்கு உள்ளே போகாமல் தடுக்கும் சின்ன வடியும் அடிக்கடி மாற்றவேண்டியவை. அவற்றின் விலையையும் கேளுங்கள். பாதிப் பேர், "மெசின் பழுதாகிவிட்டது" என்று கொண்டு வருவது அந்த வடியில் அழுக்கு அடைத்ததால்தான்.

துணைச் சாமான்களில் எது தேவை?

சார்ஜர், காய வைக்கும் டப்பா, துடைக்கும் தூரிகை, மாற்று ரப்பர் குடை, கீழே விழாமல் சட்டையில் மாட்டும் நூல். இவை அத்தியாவசியம். நாற்பது பாகைச் சரிவில் வேலை செய்பவருக்கு அந்த நூல் இல்லாவிட்டால், தேயிலைச் செடிக்குள் விழுந்த மெசின் திரும்பக் கிடைக்காது.

தொலைக்காட்சிச் சத்தத்தை நேரே மெசினுக்கு அனுப்பும் பெட்டி, ரிமோட், இவை வசதிகள். முதலிலேயே பொதியாக வாங்காதீர்கள். மூன்று மாதம் பாவித்துவிட்டுத் தேவையென்றால் வாங்கலாம். போனோடு இணையும் என்று சொன்னால், "எந்தப் போனோடு?" என்று கேளுங்கள். எல்லாப் போனும் எல்லா மெசினோடும் இணையாது. உங்கள் போனைக் கொண்டுபோய், கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ இருக்கும் மகளுக்கு அங்கேயே வட்ஸ்அப்பில் பேசிப் பாருங்கள். சிலவற்றில் அவர் குரல் மெசினுக்கு வரும், ஆனால் நீங்கள் பேச போனைக் கையில் பிடிக்கவேண்டும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் பணம் ஒதுக்கச் சொல்வேன். பேசுகிறவர் சட்டையில் குத்தும் சின்ன மைக். தூரத்தில் நிற்பவர் குரலை நேரே காதுக்குக் கொண்டு வரும். காது மந்தமான பிள்ளை பாடசாலைக்குப் போனால், ஆசிரியர் அதைக் குத்திக்கொண்டால் பிள்ளைக்குப் பாடம் கேட்கும். தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன் பிள்ளையின் மைக். பிள்ளைக்குக் காது வளர வளர அச்சுத்துண்டை மாற்றவேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

போட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

மூளை புதுச் சத்தத்துக்குப் பழகச் சில கிழமை எடுக்கும். முதல் நாள் இரண்டு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அந்த நாட்களில் ஐந்து இடத்தில் சோதியுங்கள்: தொலைக்காட்சி ஓடும் லயக் காம்பரா, கொழுந்து மடுவம், பஸ், கோயில் ஒலிபெருக்கி, போன். எங்கே விளங்கியது, எங்கே இரைந்தது என்று பிள்ளையிடம் சொல்லி எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு போனால்தான் மறுபடி சரியாக அமைத்துத் தர முடியும்.

பணம் கட்டும் முன் இந்த ஏழு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்:

1. எத்தனை நாள் போட்டுப் பார்க்கலாம், திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு பணம் திரும்பும்?
2. உத்தரவாதம் எத்தனை வருடம், பெட்டரியும் சார்ஜரும் அதில் அடங்குமா?
3. பற்றுச்சீட்டில் இரண்டு மெசினின் தொடர் இலக்கமும் எழுதப்பட்டிருக்கிறதா?
4. மறுபடி அமைக்க எத்தனை தடவை இலவசம்?
5. திருத்தம் எங்கே நடக்கும், எவ்வளவு நாள்?
6. வேறு இடத்திலும் இதை அமைக்க முடியுமா, அல்லது உங்களிடம் மட்டும்தானா?
7. நீங்கள் இந்த ஊரில் அடுத்த வருடமும் இருப்பீர்களா?

கடைசிக் கேள்விக்குச் சிரிக்கிறீர்கள். நான் கேட்காத கேள்வி அதுதான்.

இரவில் யார் எழுப்புவது?

ஒரு விஷயம் எந்த விளம்பரத்திலும் இருக்காது. சார்ஜ் மெசின் இரவில் சார்ஜரில் இருக்கும். போட்டவர் காதில் ஒன்றுமே இருக்காது. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்ததை நாம் மறக்க முடியாது. மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால், காது கேளாதவரை யார் கையைத் தொட்டு எழுப்புவது என்று ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு லயத்திலும் முன்கூட்டியே பேசிவையுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களின் பெயரைத் தோட்டத் தலைவர் எழுதி வைத்திருக்கவேண்டும். எச்சரிக்கை இருக்கும் இரவில் மெசினைச் சாயங்காலமே சார்ஜ் செய்து தலைமாட்டில் வையுங்கள்.

சங்கம் செய்ய வேண்டியது

மெசின் என்பது போன காதுக்கு ஊன்றுகோல். போகாமல் காப்பதுதான் முதல் வேலை. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணித்தியாலம் என்பது உலகில் பரவலாகப் பின்பற்றும் எல்லை. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும் என்று கணக்கிடுகிறார்கள். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால், அந்த இடத்துச் சத்தம் காதுக்குக் கூடாது என்று எடுத்துக்கொள்ளலாம். ஸ்டோரில் இருக்கும் தம்பிகள், புல்வெட்டும் மெசின் பிடிக்கும் தம்பிகள், காதுறை கேட்டு வாங்குங்கள். காது மெசினைப் போட்டுக்கொண்டு ரோலர் பக்கம் நிற்பது பாதுகாப்பு இல்லை. அது சத்தத்தைக் கூட்டித்தான் கொடுக்கும்.

நிர்வாகத்திடம் நாம் கேட்கவேண்டியவை: தொழிற்சாலையில் சத்தத்தை அளக்கவேண்டும். ஸ்டோர் தொழிலாளருக்கு வருடத்துக்கு ஒருதரம் காதுப் பரிசோதனை வேண்டும். கிளினிக் போகும் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது. மடுவத்தில் தராசு தொழிலாளியைப் பார்த்து இருக்கவேண்டும், கிலோவைத் துண்டில் எழுதிக் கொடுக்கவேண்டும். கடைசிக் கோரிக்கை காது கேட்பவருக்கும் நல்லது.

பணமில்லாதவர்கள் கடனுக்குப் போகும் முன், ஓடியோகிராம் தாளோடு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து உதவி கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. நாம் கேட்பது பிச்சை அல்ல. கடிதம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது தோட்டத் தலைவரின் கடமை.

தோழர்களே, மூக்குக்கண்ணாடி போட்டவரை நாம் "குருடு" என்று கூப்பிடுவதில்லை. காது மந்தமானவரை மட்டும் "செவிடு" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம். அதற்குப் பயந்துதான் பலர் மெசினை அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் பட்டப்பெயரை விட்டுவிடுங்கள். நாளைக்கு மடுவத்தில் அந்த அக்கா, "எத்தனை கிலோ? இன்னொருதரம் சொல்லுங்கள்" என்று கேட்டால், அவருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.